அலைக்குள் கண் மூடியவள்

பிரிண்ட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கச்சிமார்களே, தென்கரைப் பக்கம் கடை போடப்போவதாகச் சொன்னீர்கள். அலைச்சறுக்குக்காரர்களின் படங்களை அச்சிடும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். எந்தத் தாள், எந்த மை, நீலத்தை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதெல்லாம் இன்டர்நெட்டில் கொட்டிக் கிடக்கிறது. அதையே நானும் எழுதினால் இரண்டாவது பக்கத்தில் கொட்டாவி விடுவீர்கள். அதனால் நான் கடலையே சரியாகப் பார்த்திராத காலத்தில், மலைப் பக்கத்துப் பெல்மதுளையில் உட்கார்ந்தபடி கடல் படம் ஒன்றில் தடுக்கி விழுந்த கதையை எழுதுகிறேன். உங்களுக்கு உதவுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பெல்மதுளை சந்தியிலிருந்து பஸார் பக்கம் திரும்பினால் வரும் ஒரு ஸ்டூடியோவில், போன சித்திரை வரை நான் டச்சப் வேலை பார்த்தேன். முகப்பரு நீக்குவது, சித்தப்பாவின் தொப்பையைக் குறைப்பது, கல்யாணத்துக்கு வராத மாமாவைக் குடும்பப் படத்தில் நிற்க வைப்பது எல்லாம் என் கைவேலை. சடங்கு, கல்யாணம், அடையாள அட்டை, மரண வீடு என்று நாலு வகை வாடிக்கை. நாலாவதில்தான் என் பெயர் கொடகவெல வரை பரவியிருந்தது. காரணம், நான் கண் திறப்பவள்.

அது என்ன என்று கேட்பீர்கள். எங்கள் தேயிலைத் தோட்டங்களில் ஒருவர் கண் மூடியிருக்கும் படம் ஒரே ஒரு சந்தர்ப்பத்தில்தான் எடுக்கப்படும். சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் முழுதும் நின்று எடுக்கும் கடைசிப் படம் அது. அதனால் வேறு எந்தப் படத்திலும் இமை தாழ்ந்திருப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். இறந்தவரின் ஒரே நல்ல படத்தில் அவர் கண் சிமிட்டியிருந்தால், வீட்டார் என்னிடம் ஓடி வருவார்கள். நான் இன்னொரு படத்திலிருந்து, பெரும்பாலும் அடையாள அட்டைப் படத்திலிருந்து, கண்களை வெட்டி எடுத்து இதில் பொருத்துவேன். பின்னால் நிற்பவர்களை அழித்துவிட்டு நீலம் பூசுவேன். எனக்கு வேலை பழக்கிய முதலாளி அதிகம் பேசமாட்டார். “கண்ணு சரியா வந்துட்டா மத்ததெல்லாம் தானா சரியாத் தெரியும்” என்பது மட்டும்தான் அவர் தந்த பாடம். நானும் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டேன்.

மரண வீட்டுக்காரர்கள் எல்லாரும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. படத்தை வாங்கிக்கொண்டு வாசல் வரை போவார்கள். பிறகு திரும்பி வந்து, “இதுக்குப் பொறகு எடுத்த படம் ஏதும் ஒங்க கம்ப்யூட்டர்ல இருக்குங்களா?” என்று கேட்பார்கள். இருக்காது என்று அவர்களுக்கே தெரியும். நானும் தலையைக் குனிந்துகொண்டு “இல்லீங்க” என்பேன். இத்தனை வருஷ வேலையில் எனக்குப் பிடிக்காத நிமிஷம் அதுதான்.

பாக்கியமும் அப்படித்தான் கேட்டார். கொடகவெல பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அவருடைய கணவர் ஒரு மழைக்காலத்தில் ஓயா என்கிற காட்டாற்றைக் கடக்கும்போது வெள்ளத்தோடு போய்விட்டார். கோயில் திருவிழாவில் பத்துப் பேரோடு நின்று எடுத்த ஒரு படம்தான் இருந்தது. அதிலும் கண் பாதி மூடியிருந்தது. நான் திறந்து, நீலம் பூசி, பிரேம் போட்டுக் கொடுத்தேன். அவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். “இல்லீங்க” என்றேன். பக்கத்தில் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு நின்ற மகள் தர்ஷினி, அம்மாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

அந்தத் தர்ஷினிதான் பிறகு என்னைக் கடலுக்குள் இழுத்துவிட்டவள். வளர்ந்து, தென்கரையில் மிதிகமவில் ஒரு விருந்தினர் விடுதிக்கு வேலைக்குப் போனாள். ஒருநாள் நுவன் என்ற வாலிபனோடு எங்கள் கடை வாசலில் வந்து நின்றாள். அவன் கேமராவைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அலைக்குள்ளேயே நீந்திப் படம் எடுப்பவன். கரையோரக் கடைகளில் உப்புக் காற்றில் பிரிண்டர் அடிக்கடி படுத்துவிடுகிறதாம். “எங்க ஊர்ல ஒரு ஆன்ட்டி இருக்காங்க, பெரிய மெஷின் இருக்கு” என்று இவள் சொல்லி, மாத்தறை, எம்பிலிப்பிட்டி என்று பஸ் மாறி மாறி அவனை இழுத்து வந்திருக்கிறாள். அந்தப் பெரிய மெஷினை நாங்கள் வாங்கியது கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க. அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

அவன் கொடுத்த முதல் படத்தைத் திறந்ததும் எனக்குப் பரிதாபமாக இருந்தது. கடல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எந்த ஊரில் கடல் சாய்ந்திருக்கிறது? ஓரத்தில் பெரிய பெரிய நீர்த்துளிகள், அழுக்குப் போல. பலகையில் நின்ற பையனின் மூக்கிலும் கன்னத்திலும் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. அவசரத்தில் பவுடர் பூசிய மாப்பிள்ளை என்று நினைத்தேன். பாவம், படித்த பிள்ளை, எடுக்கத் தெரியவில்லை என்று முடிவு செய்து, கடலை நேராக்கினேன். துளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். முகத்தைக் கழுவிவிட்டேன். கூலி கேட்காமல் செய்த வேலை என்பதால் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

நுவன் பிரிண்டை நெடுநேரம் பார்த்தான். பிறகு, மரியாதையாகத்தான், சிங்களத்தில் கேட்டான். “அக்கே, நான் எடுத்த படம் எங்கே?”

எனக்கு முகத்தில் அடித்தது போல் இருந்தது. ஆனால் அவன் கோபிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினான். கடல் சாய்ந்திருப்பது, அலை தன்னையும் சேர்த்துத் தூக்கிப் போட்டதால். துளி இருப்பது, லென்ஸ் தண்ணீருக்குள் இருந்ததால். முகத்தில் இருப்பது வெயிலுக்குப் பூசும் பூச்சு. “கரையில நின்னு எடுக்கலன்னு பாக்குறவங்களுக்குத் தெரியணும். நீங்க என்னைத் தூக்கிக் கரையில போட்டுட்டீங்க” என்றான். தர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு அந்த உலகத்தின் மேல் ஒரே ஆவல். அவன் வரும்போதெல்லாம் அவன் லேப்டாப்பில் மற்றவர்களின் வேலைகளையும் காட்டச் சொல்லிப் பார்ப்பேன். ஒருவர் கேமராவின் ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து எடுத்ததில், அலையில் போனவர் வெறும் கோடாகிக் கிடந்தார். ஆளே இல்லாத அந்தப் படத்துக்குக் காசு கொடுத்தவர் யார் என்று கேட்டேன். இன்னொருவர் உடைந்துபோன பலகைகளைச் சேர்த்து, அதன் மேல் சாயம் தீட்டிச் சுவரில் மாட்டுகிறார். “ஒடஞ்சதை ஏன் மாட்டணும்?” என்றேன். “ஒடஞ்ச இடத்தைப் பாக்கத்தான்” என்றான். எனக்கு அது இன்றுவரை முழுதாகப் பிடிபடவில்லை. பிடிபடாததாலேயே திரும்பத் திரும்பப் பார்க்கத் தோன்றியது.

எனக்கு மிகவும் பிடித்தவை காத்திருக்கும் படங்கள். கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பலகைகளின் மேல் உட்கார்ந்து, தூரத்தைப் பார்த்தபடி பத்துப் பதினைந்து பேர். எதைப் பார்க்கிறார்கள், மழை வருமா என்றா என்று கேட்டேன். நல்ல அலை வருமா என்று பார்க்கிறார்களாம். கடலுக்குப் போய் இவர்கள் செய்கிற வேலையில் பெரும்பங்கு சும்மா உட்கார்ந்திருப்பதுதானாம். இதைத் தோட்டத்துத் துரைமார் யாராவது கேட்டால் அரைப் பேர் போட்டுவிடுவார்கள் என்று சொன்னேன். நாள் சம்பளத்தில் பாதியை வெட்டுவதைத்தான் தோட்டத்தில் அரைப் பேர் என்பார்கள் என்று தர்ஷினி அவனுக்கு விளக்க, அவன் ஊர் முழுக்க அதைச் சொல்லித் திரிந்தான்.

இப்போது கதைக்கு வருகிறேன். ஒரு மழை நாளில் இருவரும் வந்து ஒரே ஒரு படத்தைத் திறந்தார்கள். சுருண்டு விழும் அலையின் உட்புறம். கண்ணாடிக் குகை மாதிரி பச்சையும் நீலமும். அதன் நடுவே கைகளை விரித்து, முகத்தை அண்ணாந்து, கண்களை மூடிக்கொண்டு ஒரு பெண். தலைமுடி முழுதும் பின்னால் பறக்கிறது.

“இது யாரு?” என்றேன்.

“நான்தான் ஆன்ட்டி” என்றாள் தர்ஷினி.

விடுதியில் அறை ஒதுக்கிக் கொடுக்கும் வேலை என்றுதான் நானும் பாக்கியமும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவளோ அலைச்சறுக்கு பழகி, இப்போது வருபவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் தொடங்கியிருந்தாள். காலி நகரத்தில் ஒரு பழைய கிடங்கில் ஓவியர்களும் அலைச்சறுக்குக்காரர்களும் சேர்ந்து கண்காட்சி வைக்கிறார்கள். அதன் முகப்பில் தொங்கப்போவது இந்தப் படம். பத்திரிகையிலும் வரும். ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

“அப்பா போனதுலேருந்து அம்மா என்னை ஓயாப் பக்கம்கூட விட்டதில்ல. இன்னைக்கு சாயந்தரம் வீட்டுக்குப் போயி படத்தக் காட்டி எல்லாத்தையும் சொல்லப் போறேன். அம்மா வேணாம்னா, படத்தக் கண்காட்சியிலேருந்து எடுத்துருவேன். கடலையும் விட்டுட்டு வீட்டுக்கே வந்துருவேன்” என்றாள்.

“நெசமாவா?”

“நெசமாத்தான். அவங்களுக்கு இருக்கறது நான் ஒருத்திதானே ஆன்ட்டி.”

கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னாள். “அம்மாவுக்குக் குடுக்குற படத்துல மட்டும் கண்ணத் தெறந்து விடுங்க. மூடியிருந்தா அவங்க என்ன நெனப்பாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியும். அந்த வட்டாரத்தில் என்னைவிட அதை நன்றாகத் தெரிந்தவர் யார்? பெரிய அளவில், தனி ஆளாக, பின்னால் நீலம், கண் மூடிய முகம்! நுவன் மட்டும் பதறினான். “எப்பா அக்கே, எப்பா” என்று இரண்டு கையையும் ஆட்டினான். வேண்டாம், வேண்டவே வேண்டாம் என்று. ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது என்பது அவன் கட்சி. அவள் முகம், அவள் அம்மா, அவள்தான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. கடைசியில் கண்காட்சிக்கு உள்ளது உள்ளபடி ஒன்று, அம்மாவுக்குக் கண் திறந்தது ஒன்று என்று முடிவானது. அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் பால் போடாத பிளேன்டி குடிக்கப் போனான். அவளும் அவனைச் சமாதானப்படுத்தப் பின்னாலேயே போனாள்.

நான் முதலில் கண்காட்சிப் படத்தை அடித்தேன். எங்கள் ஊர் ஈரத்தில் எதுவும் சட்டென்று காயாது. மின்விசிறிக்குக் கீழே கயிறு கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிடுவோம். அங்கே ஏற்கெனவே ஒரு படம் தொங்கிக்கொண்டிருந்தது. பாக்கியத்தின் கணவர் படம்தான். பழைய பிரேமுக்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டதால், திவசத்துக்கு முன்னால் புதிதாக அடித்துத் தரச் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் வந்து எடுப்பதாகச் சொன்னதால் நான் எதையும் யோசிக்கவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் மகளைத் தொங்கவிட்டேன்.

பிறகு கண்ணைத் திறக்க உட்கார்ந்தேன். கண்ணுக்கு எங்கே போவது? தர்ஷினி பதினாறு வயதில் அடையாள அட்டைக்கு எங்களிடம்தான் படம் எடுத்தாள். அதிலிருந்து வெட்டி எடுத்து, சாய்த்து, நிறம் கூட்டி, பொருத்திப் பார்த்தேன். வேலை சுத்தம். எங்கே ஒட்டியது என்று நானே தேட வேண்டும். ஆனாலும் ஏதோ இடித்தது. அலை தலைக்கு மேல் சுருண்டு நிற்க, இவள் கிராம சேவகர் முன்னால் நிற்பது போல விறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இமையைக் கொஞ்சம் தாழ்த்தினேன், கருவிழியை மேலே ஏற்றினேன். என்ன செய்தாலும் கிராம சேவகர் போகவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று அப்படியே அடித்துவிட்டேன்.

பிரிண்டை மேசையில் வைத்து நிமிர்கிறேன், வாசலில் குடையை மடக்கிக்கொண்டு பாக்கியம் நிற்கிறார். மழையால் அன்று தோட்டத்தில் வேலை நிறுத்திவிட்டார்களாம். பஸாருக்கு வந்த கையோடு கணவர் படத்தையும் எடுத்துப் போகலாம் என்று நுழைந்திருக்கிறார். அவர் கண்கள் நேரே கயிற்றுக்குப் போயின. புருஷன் பக்கத்தில் மகள். கண் மூடிய மகள்.

அவர் மெதுவாகக் கிட்டப் போய், முகத்தைப் படத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இது எந்தத் தோட்டத்துப் பீலிங்க அக்கா? இம்புட்டுத் தண்ணி விழுது” என்றார்.

மலைத் தண்ணீரைக் குழாய் வைத்து இறக்கி, லயத்து வரிசை வீடுகளின் மக்கள் குளிக்கும் இடத்தைப் பீலி என்பார்கள். அதிர்ச்சியில் மனம் பேதலித்து உளறுகிறார் என்று நான் நினைத்தேன். ஒரு தாய் மனம் கலங்க இதைவிட என்ன வேண்டும்? அவரைத் தேற்ற வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் மேசையில் இருந்த படத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். “ஒன்னும் இல்லீங்க, பயப்படாதீங்க, இதப் பாருங்க, கண்ணு தெறந்துதானே இருக்கா” என்றேன்.

பாக்கியம் அதைப் பார்த்தார். அப்போதுதான் அவர் முகம் வெளிறியது. குடை கையிலிருந்து விழுந்தது.

“இது நீங்க வச்ச கண்ணு” என்றார். “எங்க லயத்துக் காம்பராவுல, அவரு படத்துல ஒரு சோடி இருக்கு. தெனம் பாக்குறேன். எனக்குத் தெரியாதா? செத்தவங்களுக்குத்தானே நீங்க கண்ணு தெறப்பீங்க. எம் மகளுக்கு ஏன் தெறந்தீங்க? எம் மகளுக்கு என்னாச்சு?”

அந்தக் குரல் எதிர்க் கடை வரை கேட்டிருக்கிறது. தர்ஷினி சாலைக்குக் குறுக்கே ஓடி வந்தாள். பாக்கியம் அவளை இரண்டு கையாலும் பிடித்து, நாடியைத் தூக்கி, கண்ணை உற்றுப் பார்த்தார். பிறகு தோளில் ஓங்கி ஓர் அடி. பிறகு கட்டிக்கொண்டு அழுதார். நான் கையில் அந்தப் படத்தோடு சிலையாக நின்றேன். பயமுறுத்தியது மூடிய கண் அல்ல, நான் திறந்த கண். என் வேலையை அவர் தினமும் பார்த்துக்கொண்டு வாழ்கிறார் என்பது எனக்கு அன்றுவரை உறைக்கவே இல்லை. அவ்வளவு வெட்கம் என் வாழ்நாளில் பட்டதில்லை.

அழுகை அடங்கியதும் பாக்கியம் கயிற்றில் தொங்கிய படத்தைக் காட்டினார். “சின்னதுலயும் இப்பிடித்தான் அக்கா. பீலிக்குக் கீழ நிப்பாட்டினா மூஞ்சியத் தூக்கிக் கண்ண மூடிக்கிட்டு நிப்பா. வா வான்னு இழுத்தாலும் வரமாட்டா. அதான் பாத்ததும் சிரிப்பு வந்துச்சு.”

உளறியது நான்தான். அவர் சரியாகவே பார்த்திருக்கிறார்.

“அம்மா, அது பீலி இல்ல” என்றாள் தர்ஷினி. “கடல்.”

அடையாள அட்டைக்குப் படம் எடுக்க ஆட்களை உட்கார வைக்கும் ஸ்டூலில் பாக்கியம் உட்கார்ந்துவிட்டார். தர்ஷினி அவர் காலடியில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். மழை தகரத்தில் கொட்டியது. நுவன் வாசலில் நனைந்துகொண்டு நின்றான், உள்ளே வரத் தைரியமில்லாமல்.

“ஒங்கப்பாவ தண்ணிதான் கொண்டுபோச்சு. தெரிஞ்சுமா போன?”

“தெரிஞ்சுதாம்மா. பயந்து பயந்துதான் நீச்சல் படிச்சேன். அப்பாவுக்கு நீந்தத் தெரியாது. எனக்குத் தெரியும். நீ வேணாம்னு சொல்லு, இன்னையோட விட்டுர்றேன்.”

பாக்கியம் எழுந்து கயிற்றருகே போய், சுருண்டு விழப்போகும் அந்த அலையை விரலால் தொடாமல் தொட்டுப் பார்த்தார். அது அடுத்த நொடி எங்கே விழும் என்று அவர் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. நாங்கள் எல்லாரும் ஒளியையும் நிறத்தையும் பார்த்த இடத்தில், அவர் பார்த்தது மகளின் தலைமேல் விழப்போகும் தண்ணீரை.

அவர் மகளிடம் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“இதுக்குப் பொறகு எடுத்த படம் இருக்குங்களா அக்கா?”

பழக்க தோஷத்தில் என் வாய் “இல்லீங்க” என்று சொல்லத் திறந்துவிட்டது. அதற்குள் தர்ஷினி சிங்களத்தில் நுவனைக் கேட்க, அவன் உள்ளே வந்து, “தியெனவா அக்கே” என்றான். இருக்கிறதாம். ஒரு அலைக்கு ஒரு படம் எடுப்பதில்லையாம். விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் கேமரா வரிசையாகச் சுட்டுத் தள்ளுமாம். நல்லது ஒன்றைப் பொறுக்கிவிட்டு மற்றதெல்லாம் சும்மா கிடக்குமாம்.

“இருக்குங்க” என்றேன் பாக்கியத்திடம். அந்தக் கேள்விக்கு நான் இப்படிப் பதில் சொன்னது அதுவே முதல் தடவை. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

லேப்டாப்பைச் சுற்றி நின்றோம். அடுத்த படத்தில் அலை விழுந்துவிட்டது. ஒரு கை மட்டும் தெரிந்தது. அதற்கடுத்ததில் கையும் இல்லை. பிறகு வெறும் நுரை. பிறகும் நுரை. பாக்கியம் மூச்சு விடவில்லை. மகள் உயிரோடு பக்கத்தில் நின்று தோளைப் பிடித்திருக்கிறாள், இருந்தும் அவர் மூச்சு விடவில்லை. நானும்தான் விடவில்லை. பிறகு ஒரு மூலையில் ஒரு தலை. முடி முகத்தில் அப்பி, மூக்கு ஒழுகி, ஒரு கண் உப்பில் சுருங்கி, மறு கண் அகலத் திறந்து, வாய் முழுக்கச் சிரிப்பு. துலக்கமே இல்லை. ஒரு காதும் கன்னமும் சட்டத்துக்கு வெளியே.

“திரும்பக் காட்டச் சொல்லுங்க” என்றார் பாக்கியம். நுவன் முதலிலிருந்து காட்டினான். “இன்னொருவாட்டி.” மறுபடி காட்டினான். ஒவ்வொரு முறையும் நுரை வரும்போது அவர் கை மகளின் கையை இறுக்கியது, தலை வந்ததும் விட்டது.

“எனக்கு இது போதும். இதப் பிரிண்ட் போடுங்க” என்றார்.

நுவன் சங்கடப்பட்டான். அது குப்பைப் படம், துலக்கம் இல்லை, பெரிதாக அடித்தால் இன்னும் மோசமாகும் என்று தர்ஷினியிடம் முணுமுணுத்தான். பாக்கியத்துக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. “மேக்க தமய் ஓன” என்றார் அவனிடமே. இதுதான் வேண்டும். அவன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான்.

நான் அதில் மூக்கைக்கூடத் துடைக்காமல் அப்படியே அடித்தேன். காயும்வரை பாக்கியம் அதன் முன்னாலேயே நின்றார். பிறகு மகளிடம் சொன்னார். “போ. ஆனா ஒன்னு. தண்ணிக்குள்ள இருக்குற படம் எடுத்தா, வெளிய வந்த படத்தையும் எனக்கு அனுப்பணும். மொதல்ல அதத்தான் அனுப்பணும்.” தர்ஷினி தலையாட்டினாள். நுவனும் ஆட்டினான்.

கண்காட்சிக்கு நானும் போனேன். முகப்பில் அந்த அலைப்படம், அதன் பக்கத்தில் மூக்கு ஒழுகும் படம். நுவனே கேட்டு இரண்டையும் சேர்த்து மாட்ட வைத்திருந்தான். வருகிறவர்கள் முதல் படத்தின் முன் நின்று ரசிப்பார்கள். இரண்டாவதைப் பார்த்ததும் முதலாவதுக்கே திரும்பிப் போய் இன்னொரு தரம் பார்ப்பார்கள். அந்த இரண்டாம் பார்வை வேறு மாதிரி இருக்கும். நான் ஓரத்தில் நின்று அவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கலை விமர்சகர்கள் அதற்கு ஏதேதோ பெயர் சொன்னார்கள். பாதி விளங்கியது. உடைந்த பலகைகளும் அங்கே தொங்கின. உடைந்த இடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

ஆகவே என் பிள்ளைகளே, கடற்கரையில் கடை போடுங்கள். யாராவது ஒரே ஒரு படத்தைக் கொண்டுவந்து இதைத் திருத்து என்றால், உங்கள் கை மௌஸுக்குப் போகும் முன்னால் வாய் கேட்கட்டும்: இது யார் வீட்டுச் சுவருக்குப் போகிறது, இதற்கு முன்னும் பின்னும் எடுத்தவை எங்கே? நான் ஒரு மத்தியானம் முழுக்கப் பொய்க் கண் செய்துகொண்டிருந்தேன். உண்மைக் கண் எதிர்க் கடையில் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தவனின் பைக்குள் இருந்தது.

அன்று நடந்த இன்னொன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். பாக்கியம் கிளம்பும்போது கணவர் படத்தையும் சுற்றிக் கொடுத்தேன். கோயில் திருவிழாவில் எடுத்த பழைய படம், அவர் பாதிக் கண் மூடியபடியே, அப்போதும் என் கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

“நான் வச்ச கண்ண எடுத்துட்டு, அவரு இருந்த மாதிரியே அடிச்சுத் தரட்டுங்களா?” என்று கேட்டேன்.

அவர் சுற்றிய தாளைப் பிரித்து, கொஞ்ச நேரம் கணவரைப் பார்த்தார்.

“வேணாங்க அக்கா. அவருக்கு அடுத்த படம் இல்லையே. நீங்க தெறந்ததே இருக்கட்டும்” என்றார்.

இரண்டு படங்களையும் மாரோடு அணைத்துக்கொண்டார். மகள் குடை பிடித்தாள். இருவரும் மழைக்குள் இறங்கி பஸ் பிடிக்கப் போனார்கள்.